ஆர்வமில்லை என்று யார் சொன்னது?

உங்கள் குரல் கட்டையான குரலா? அடிக்கடி கெட்ட வார்த்தை பேசுவீர்களா? வேட்டைக்குப் போனதுண்டா? ஃபுட்பால் டீமில் ஆடியிருக்கிறீர்களா?

இது பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வைத்த பரீட்சை இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த சியர்ஸ் கடைகளில், விற்பனையாளர் வேலைக்கு வந்தவர்களிடம் கொடுத்த மனப்பாங்குத் தேர்வில் இருந்த கேள்விகள். ஆளிடம் எவ்வளவு துடிப்பு இருக்கிறது என்று அளப்பதற்காம். வாஷிங் மெஷின் விற்பதற்கும் முயல் சுடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

சியர்ஸில் விற்பனை வேலை இரண்டு வகை. துணிமணி, படுக்கை விரிப்பு, அழகு சாதனம் விற்பவர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம். ஃபிரிட்ஜ், டயர், வீட்டைச் சூடாக்கும் உலை, வேலி போன்ற பெரிய சாமான் விற்பவர்களுக்கு கமிஷன், வருமானமும் கணிசமாக அதிகம். முதல் வகையில் பெரும்பாலும் பெண்கள், இரண்டாவதில் பெரும்பாலும் ஆண்கள். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஆணையம் 1979இல் வழக்குப் போட்டது. கையில் இருந்தது புள்ளிவிவரம்: முழுநேர விற்பனை வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பெண்கள், ஆனால் முழுநேர கமிஷன் வேலைக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்களில் அவர்கள் கால்வாசிக்குக் கொஞ்சம்தான் மேல்.

சியர்ஸ் சொன்ன பதில் எளிமையானது. நாங்கள் தடுக்கவில்லை, அவர்களுக்குத்தான் ஆர்வமில்லை. போட்டி போட்டு விற்பது, வாராவாரம் ஏறி இறங்கும் வருமானம், முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போய் வேலிக்கு அளவெடுப்பது எல்லாம் பெண்களுக்குப் பிடிக்காது.

இந்த வழக்கை இன்றைக்கும் எடுத்துப் படிக்க வைப்பது, இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்ல வந்தவர்கள். இருவரும் பெண்கள், இருவரும் பெண்களின் வரலாற்றை எழுதுபவர்கள், இருவருமே பெண்ணியவாதிகள். ரோசலிண்ட் ரோசன்பெர்க் சியர்ஸ் பக்கம் நின்றார்: பெண்கள் வளர்க்கப்படும் விதத்திலும் அவர்கள் முக்கியமாக நினைப்பதிலும் வித்தியாசம் உண்டு, எல்லா ஏற்றத்தாழ்வும் முதலாளி செய்த பாகுபாடு ஆகிவிடாது என்றார். ஆலிஸ் கெஸ்லர் ஹாரிஸ் எதிர்ப்பக்கம்: கதவு திறந்தபோதெல்லாம் பெண்கள் உள்ளே போயிருக்கிறார்கள், இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் இல்லாத தொழிற்சாலையில் கப்பலும் விமானமும் கட்டியது யார் என்றார். பத்து மாதம் விசாரணை. 1986இல் சியர்ஸ் ஜெயித்தது. 1988இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான், மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் சிலவற்றில் மாறுபட்டார்.

ஆணையம் தோற்றதற்கு அதன் தப்பும் காரணம். இத்தனை பெரிய வழக்கில், "நான் கமிஷன் வேலை கேட்டேன், தரவில்லை" என்று சொல்ல ஒரு பெண்ணைக்கூட அவர்கள் கூண்டில் ஏற்றவில்லை. சியர்ஸ் பெண்களை எடுக்கத் தனித் திட்டம் வைத்திருந்தது என்பதையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. பெண்களுக்கு ஆர்வமில்லை என்பதைச் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் கடை மேலாளர்கள். ஒருத்தருக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள், ஒரு பக்கம் புள்ளிவிவரம், இன்னொரு பக்கம் மேலாளர் சொன்ன வார்த்தை, நடுவில் சம்பந்தப்பட்ட ஆளையே காணோம்.

அலுவலகத்தில் ஆண் பெண் வித்தியாசம் என்று பேச்சு எடுத்தால் பத்தாவது நிமிடம் சண்டையாவது ஏன் என்று யோசித்திருக்கிறேன். ஒருவர் "இது அறிவியல்" என்பார், இன்னொருவர் "இது ஆணாதிக்கம்" என்பார், முதலாமவர் உடனே "என் மனைவியும்தான் வேலைக்குப் போகிறாள், நானா ஆணாதிக்கவாதி?" என்பார். தமிழில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஆணா பெண்ணா என்பதை வைத்து ஒருவரை மட்டம் தட்டும் செக்ஸிஸம் என்பதற்கு நம்மிடம் பழக்கத்தில் இருக்கும் வார்த்தை ஆணாதிக்கம். அந்த வார்த்தை ஆளைச் சுட்டுகிறது. சொன்ன வாக்கியத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் சொன்னவருடைய குணத்தைப் பற்றிச் சண்டை போடத் தொடங்கிவிடுவார்கள். பாகுபாடு என்று சொன்னால் கொஞ்சம் தேவலை, அது செயலைச் சுட்டும்.

2017இல் கூகுளில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், என்ன, உலகமே வேடிக்கை பார்த்தது. ஜேம்ஸ் டமோர் என்ற மென்பொருள் பொறியாளர், நிறுவனத்தின் பன்மைத்துவப் பயிற்சிக்கு (எல்லா வகை மனிதர்களுக்கும் வேலையில் இடம் வேண்டும் என்று சொல்லித்தரும் டைவர்சிட்டி வகுப்பு) போய்விட்டு வந்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அப்போது கூகுளில் தொழில்நுட்ப வேலையில் பெண்கள் 20 சதவீதம். இதற்குப் பாகுபாடு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஆண் பெண் இருவரின் விருப்பங்களும் சுபாவமும் சராசரியில் வேறுபடுகின்றன, அதில் கொஞ்சம் உயிரியல் சார்ந்தது என்பது அவர் வாதம். ஆகஸ்ட் மாதம் அது வெளியே கசிந்தது, சில நாட்களில் வேலை போனது. விடுமுறையில் இருந்த சுந்தர் பிச்சை, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த நம்ம ஊர்க்காரர், ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்த ஒரு நுணுக்கத்தை அப்போது பலர் கவனிக்கவில்லை. குறிப்பில் உள்ள பல விஷயங்கள் விவாதிக்கத் தக்கவைதான், ஆனால் சில பகுதிகள் எல்லை தாண்டிவிட்டன என்று பிரித்துத்தான் சொன்னார். டமோர் அமெரிக்க அரசின் தொழிலாளர் உறவு வாரியத்திடம் முறையிட்டபோது, 2018 ஜனவரியில் வாரியத்தின் வழக்கறிஞரும் அதே மாதிரி பிரித்தார்: நிறுவனத்தின் கொள்கையை விமர்சித்த பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு, பெண்களின் உயிரியல் பற்றிச் சொன்ன பகுதிக்கு இல்லை, அதற்காக நீக்கியது சட்டப்படி தப்பில்லை என்றார். தனியாகப் போட்ட வழக்கும் 2020இல் இரு தரப்பும் கேட்டுக்கொண்டபடி முடிந்துபோனது.

ஆதரித்தவர்களில் பலரும் திட்டியவர்களில் பலரும் அந்தப் பத்துப் பக்கத்தை முழுசாகப் படித்தவர்கள் இல்லை என்பது என் அனுமானம். நான் படித்தேன். அதில் மூன்று விதமான வாக்கியங்கள் கலந்து கிடக்கின்றன, மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒரு வகை, அளந்து பார்த்த வித்தியாசம். பொருட்களோடு வேலை செய்யப் பிடிக்குமா, மனிதர்களோடு வேலை செய்யப் பிடிக்குமா என்று கேட்டால் ஆண் பெண் சராசரி நன்றாகவே விலகுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பிடித்துக் கேட்டால், நான்கில் மூன்று தடவை ஆண்தான் பொருள் பக்கம் அதிகம் சாய்ந்திருப்பார். பதற்றம், கவலை போன்ற சுபாவத்தில் வித்தியாசம் சின்னது: அதே மாதிரி பிடித்துப் பார்த்தால் பத்தில் ஆறு தடவை பெண்ணின் மதிப்பெண் மேலே, நான்கு தடவை ஆணுடையது. காசைச் சுண்டினாலே ஐந்துக்கு ஐந்து வந்துவிடும். இதைச் சொல்வது செக்ஸிஸம் இல்லை. சொல்லவே கூடாது என்று வாயடைப்பது எனக்கு உடன்பாடில்லை, அளவுகோல் சரியா என்று கேட்பதுதான் முறை. டமோரும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று மணி வடிவத்தில் இரண்டு வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பது போல் படம் போட்டு, இதை வைத்துத் தனி ஆளை எடை போட முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்த வகை, அந்த வித்தியாசத்துக்கு அவர் கண்டுபிடித்த காரணம். இங்கேதான் கால் இடறுகிறது. அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 சதவீதம். அப்புறம் இறங்கி இறங்கி 2010களில் 18 சதவீதத்துக்கு வந்தது. முப்பது வருடத்தில் எந்த உயிரியல் பாதியாகக் குறையும்? ஓஎம்ஆர் சாலையில் காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தாலே போதும், இந்திய ஐடி துறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு மூளை, அம்பத்தூர்ப் பெண்ணுக்கு வேறு மூளையா? உயிரியல் பங்கே கிடையாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு, பத்தாண்டுக்குப் பத்தாண்டு இப்படி ஆடுகிற ஓர் எண்ணுக்கு விளக்கம் தேடுகிறவர், ஆடாத ஒன்றையா முதலில் கையில் எடுப்பார்? டமோர் தன் குறிப்பில் சுட்டிய ஆய்வுகளில் ஒன்றைச் செய்த டேவிட் ஷ்மிட் என்ற உளவியலாளரே, ஒரு கூட்டத்தின் குணத்தையெல்லாம் பாலினத்தை வைத்துச் சொல்வது கோடரியால் அறுவை சிகிச்சை செய்வது மாதிரி என்று எழுதினார்.

மூன்றாவது வகைதான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல் நேராகப் போய் விழுந்தது. பன்மைத்துவத்துக்காக ஆள் எடுக்கும் முறைகள், தகுதியானவரைத் தவறிப்போய் நிராகரிக்கும் விகிதத்தைக் குறைப்பதன் மூலம், சிலருக்கு மட்டும் தரத்தைத் தாழ்த்திவிடக்கூடும் என்ற பொருளில் ஒரு வரி. நிதானமாகப் படியுங்கள். தகுதி இருக்கிறவரைத் தப்பாக வெளியே அனுப்புவது குறைந்தால் தரம் எப்படித் தாழும்? நல்ல அரிசியைக் கல் என்று தூக்கி எறிந்துகொண்டிருந்தவர் இன்னொரு தடவை பார்த்துப் பொறுக்கினால், அதற்குப் பெயர் சோற்றில் கல் சேர்ப்பதா? டமோர் தர்க்கம் தெரியாதவர் இல்லை. இந்த இடத்தில் மட்டும் தர்க்கம் வழுக்கியது ஏன் என்பதுதான் கேள்வி. இந்த ஒரு வரியால், அங்கே ஏற்கெனவே இண்டர்வியூ எல்லாம் தாண்டி உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணும் "நீ எப்படி வந்தாய்?" என்ற சந்தேகப் பார்வைக்கு ஆளாகிறாள். பக்கத்து ஆண் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், வேலையை விட்டுத் தூக்கியது மட்டமான பதில். வரிவரியாக எடுத்து மறுத்திருந்தால் அந்த வரியின் ஓட்டை வெளியே தெரிந்திருக்கும். தூக்கியதால் அவர் தியாகி ஆனார், குறிப்பைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

இதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், 2005 ஜனவரியில், ஹார்வர்டு தலைவராக இருந்த லாரி சம்மர்ஸ் ஒரு கூட்டத்தில் பேசினார். அறிவியல், பொறியியலின் உச்சிப் பதவிகளில் பெண்கள் ஏன் குறைவு? முதல் காரணம், வாரத்துக்கு எண்பது மணி நேரம் கேட்கும் வேலைக்கு எத்தனை பேர் தயார் என்பது. இரண்டாவது, திறமையின் உச்சி நுனியில் ஆண்கள் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம் என்பது. வளர்ப்பும் பாகுபாடும் கடைசியில். விவாதத்தைக் கிளப்பத்தான் சொல்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டார். எம்ஐடி உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். மார்ச்சில் கலை, அறிவியல் துறைப் பேராசிரியர்கள் 218க்கு 185 என்று நம்பிக்கையில்லை எனத் தீர்மானம் போட்டார்கள், அதில் பழைய மனக்கசப்புகளும் சேர்ந்திருந்தன. அடுத்த வருடம் ராஜினாமா.

விவாதத்தைக் கேட்கப் பொறுமை இல்லாமல் ஓடினார் என்று ஹாப்கின்ஸை அப்போது கேலி செய்தார்கள். அவர் யார் என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். 1990களில் எம்ஐடியில் அவர் தன் ஆய்வுக்குக் கூடுதல் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. ஆண் பேராசிரியர்களைவிட உங்களுக்கு ஒன்றும் குறைவில்லை என்ற மாதிரி பதில். அம்மணி என்ன செய்தார்? இரவில் ஆள் இல்லாத நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆய்வகமாகப் போய்த் தரையில் மண்டியிட்டு அளந்தார். பெண் பேராசிரியர்களுக்கு இடம் குறைவு என்பது சதுர அடிக் கணக்கில் கையில் வந்தது. அதிலிருந்து கிளம்பிய விசாரணையின் அறிக்கை 1999இல் வந்தது, நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. ஆறு வருடம் கழித்து, அளந்து பார்த்த ஒன்றைப் பட்டியலில் கடைசியில் தள்ளி, ஊகத்தை அதற்கு முன்னால் வைத்த பேச்சைக் கேட்டுத்தான் அவர் எழுந்து போனார்.

சம்மர்ஸின் முதல் காரணத்தை மட்டும் அப்படியே ஒதுக்க முடியாது. பொருளாதாரத்துக்கான 2023 நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டின் வருடக்கணக்கில் குடைந்தது ஏறக்குறைய அதே இடத்தைத்தான். ஒரே படிப்பு, ஒரே வேலை, ஆனாலும் முதல் குழந்தைக்குப் பிறகு சம்பளம் பிரிகிறது. எந்த நேரமும் கூப்பிட்டால் வர வேண்டும் என்ற வேலைகள் மணிக்கணக்குக்கு மீறிச் சம்பளம் தருவதால் இந்தப் பிளவு பெரிதாகிறது என்று அவர் காட்டினார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரக்கூடியதாக மாறிப்போன அமெரிக்க மருந்தாளுநர் வேலையில் வித்தியாசம் சுருங்கியதையும் காட்டினார். இதுவும் ஆண் பெண் வித்தியாசம் பற்றிய பேச்சுதான், யாரும் எழுந்து போகவில்லை. கேள்வி பெண்ணிடம் போவதற்குப் பதிலாக வேலையிடம் போனது.

இன்னொரு ஹாப்கின்ஸ் இருந்தார், பெயர் ஆன். அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்கியல் நிறுவனத்தில் வேலை. 662 பங்குதாரர்களில் 7 பேர் மட்டுமே பெண்கள் என்றிருந்த காலம். 1982இல் பங்குதாரராக முன்மொழியப்பட்ட 88 பேரில் இவர் ஒருத்திதான் பெண், அரசுத் துறையில் பெரிய ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தவர். நிறுத்தி வைத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இன்னும் பெண்மையாக நடக்க வேண்டும், பெண்மையாகப் பேச வேண்டும், உடுத்த வேண்டும், ஒப்பனை போட வேண்டும், முடியைத் திருத்திக்கொள்ள வேண்டும், நகை போட வேண்டும் என்று அறிவுரை வந்தது. அறிவுரை சொன்னவர் அவருக்கு எதிரி இல்லை, அவரைப் பங்குதாரர் ஆக்க வேண்டும் என்று ஆதரித்தவர்! நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மனசில் கெடுதல் இருந்தால்தான் செக்ஸிஸம் என்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் ஆன் பக்கம் பேசியது. வேலைக்கு அதட்டல் மிடுக்கு வேண்டும், ஆனால் பெண்ணிடம் அது இருந்தால் பிடிக்காது என்றால் அவள் எங்கே போவாள் என்பது அதன் சாரம். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. சியர்ஸ் வழக்கில் பெண்கள் பெண்கள் மாதிரி இருப்பதால் கமிஷன் வேலைக்கு ஆகாது, இங்கே ஒரு பெண் பெண் மாதிரி இல்லாததால் ஆகாது. சராசரியோடு ஒத்துப்போனாலும் வெட்டு, ஒத்துப்போகாவிட்டாலும் வெட்டு. ஆன் விடவில்லை, 1991இல் நீதிமன்ற உத்தரவோடு அதே நிறுவனத்துக்குள் பங்குதாரராகவே திரும்பிப் போனார்.

நம் பக்கமும் இது நடந்தது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கேட்ட வழக்கில், உடல் அமைப்பு, தாய்மை எல்லாம் சொன்னதோடு மத்திய அரசு இன்னொன்றும் சொன்னது: படைவீரர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிற ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை. அதாவது வித்தியாசம் ஆணிடம், தண்டனை பெண்ணுக்கு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. பெண் அதிகாரிகள் ஏற்கெனவே செய்து காட்டியதைப் பெயர் சொல்லி அடுக்கியது. அந்தப் பட்டியலில் இருந்த சோஃபியா குரேஷியைத்தான், 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றி ராணுவம் விளக்கியபோது, நாடு முழுக்க டிவியில் பார்த்தது.

இவ்வளவும் எழுதுகிற நான் யோக்கியமா என்றால், இல்லை. சில வருடம் முன்பு எங்கள் டீமிலிருந்து ஒருவரை மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மாடியூலை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர் ஒரு பெண். மேனேஜர் சொன்னார், "அவங்க குழந்தை ரொம்பச் சின்னது, கேட்டு சங்கடப்படுத்த வேணாம்." நல்ல மனுஷன், நிஜமாகவே அக்கறையில்தான் சொன்னார். அந்த அறையில் நானும் இருந்தேன், தலையாட்டினேன், போய்விட்டு வந்தது நான்தான். திரும்பி வந்ததும் கேண்டீனில் அவர் கேட்டார், "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, ஊர்லேர்ந்து அம்மாவை வரவழைச்சிருப்பேனே சார்?" கையில் இருந்த ஜெர்மன் சாக்லேட்டை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த வருடம் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. இந்த முறை முதலில் அவரைத்தான் கேட்டோம். வரவில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் குழந்தை இல்லை, அந்தக் குளிர் அவருக்கு ஆகாதாம்.